வெண்ணிறப் பேருந்துகள்

1945ஆம் ஆண்டு மார்ச் மாதம். இரண்டாம் உலகப்போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. கிழக்கிலிருந்து சோவியத்துப் படைகளும் மேற்கிலிருந்து பிரித்தானிய, அமெரிக்கப் படைகளும் ஜெர்மனியை நெருக்கின. பகலில் சாலையில் நகரும் ஊர்தி எதுவாயினும் அது வானூர்திகளுக்கு இலக்காயிற்று. பாலங்கள் தகர்ந்துகிடந்தன, எரிபொருள் கிடைப்பது அரிதாயிற்று. அச்சாலைகளின் வழியே, மேற்கூரையிலும் பக்கங்களிலும் செஞ்சிலுவைச் சின்னம் தீட்டிய வெண்ணிறப் பேருந்துகள் அணிவகுத்துச் சென்றன. அவற்றை ஓட்டியோர் பெரும்பாலும் சுவீடன் நாட்டுப் படைவீரர்கள். எனினும், அவர்கள் போரிடச் செல்லவில்லை. நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டிருந்தோரை உயிருடன் அழைத்துவரச் சென்றனர். அந்தப் பயணத்திற்குப் பகைவரின் வாயிலிலேயே சென்று இசைவு கேட்டுப் பெற்றவர் ஃபோல்கே பெர்னடோட்.

அரண்மனைக்கு வெளியே

பெர்னடோட் 1895ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் பெயரர் அவர். ஆயினும், இளவரசர் என்னும் பட்டம் அவருக்கு இல்லை. அவருடைய தந்தை, அரச குடும்பத்தைச் சாராத பெண்ணை மணந்ததனால் அரியணை உரிமையை இழந்திருந்தார். ஆகவே, அரசரின் நெருங்கிய உறவினராக இருந்தும் ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லாத நிலையில் அவர் வளர்ந்தார். குதிரைப்படை அதிகாரியாகப் பயிற்சி பெற்றார். 1928இல் எஸ்டெல் மான்வில் என்னும் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். சுவீடன் சாரணர் இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். நாற்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் பெயரைப் பிற நாட்டார் அறிந்திருக்கவில்லை.

போர் அவரைச் செஞ்சிலுவைச் சங்கத்திற்குக் கொண்டுவந்தது. 1943இல் அவர் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத்தலைவரானார். போரில் உறுப்பிழந்தோரையும் கடும் நோயுற்றோரையும் ஜெர்மனியும் பிரித்தானியாவும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள இசைந்தபோது, நடுநிலை நாடான சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் அதற்கு இடமாயிற்று. அப்பணியை ஒருங்கிணைத்தவர்களுள் பெர்னடோட் முதன்மையானவர். ஒன்றையொன்று அழிக்க முனையும் இரு தரப்பும் ஒரே நாளில் ஒரே துறைமுகத்திற்குத் தம் மக்களை அனுப்ப வேண்டுமெனில், கப்பல் புறப்படும் நேரம்முதல் செல்லும் வழிவரை அனைத்தையும் இரு தரப்புக்கும் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். அவர் பின்னர் மேற்கொண்ட பெரும்பணிக்கு இஃது ஒரு பயிற்சிக்களமாக அமைந்தது.

பட்டியல்களும் ஒரு வேண்டுகோளும்

நார்வேயும் டென்மார்க்கும் 1940 முதல் ஜெர்மனியின் பிடியில் இருந்தன. அந்நாடுகளின் விடுதலைப் போராளிகள், மாணவர்கள், காவலர்கள் எனப் பல்லாயிரவர் ஜெர்மானிய முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். எந்த முகாமில் யார் இருக்கிறார் என்பதே முதலில் விளங்கவில்லை. ஹாம்பர்க் நகரிலிருந்த நார்வே கடலோடிகளின் சமயகுருமார்களும், பெர்லினுக்கு அருகே காவலில் வைக்கப்பட்டிருந்த நார்வே நாட்டவர் சிலரும் கைதிகளின் பெயர்களை மறைவாகத் திரட்டினர். அப்பட்டியல்கள் ஸ்டாக்ஹோமை அடைந்தன. அங்கிருந்த நார்வேயின் தூதுவர் டிட்லெஃப், கைதிகளை அழைத்துவரச் சுவீடன் ஒரு குழுவை அனுப்ப வேண்டும் என்று 1944ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சுவீடன் வெளியுறவு அமைச்சகத்திற்கு எழுத்துவழி வேண்டுகோள் விடுத்தார். பெர்னடோட்டின் புகழில் டிட்லெஃபின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. விதை டிட்லெஃபினுடையது என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது முறையன்று. டென்மார்க்கும் வாளாவிருக்கவில்லை, 1944 டிசம்பரிலேயே தன் ஊர்திகளை அனுப்பிச் சிலரை மீட்டுவரத் தொடங்கியிருந்தது.

சுவீடன் அரசு தயங்கியது. அது நடுநிலை நாடு. ஆனால், 1943வரை ஜெர்மானியப் படைவீரர் தன் இருப்புப்பாதை வழியே செல்ல அது இடங்கொடுத்திருந்தது. அதன் இரும்புத்தாது ஜெர்மனியின் ஆலைகளுக்குச் சென்றது. இக்குறை அண்டை நாட்டு மக்களின் மனத்தில் ஆறாப் புண்ணாக இருந்தது. சுவீடன் இப்போது கைகொடுக்க முன்வந்ததில் அந்த உறுத்தலுக்கும் பங்கு உண்டு எனலாம்.

1945 பிப்ரவரியில் அரசின் இசைவுடன் பெர்னடோட் பெர்லினுக்குச் சென்றார். பிப்ரவரி 19ஆம் நாள், பெர்லினுக்கு வடக்கே ஹோகன்லிக்கன் என்னுமிடத்திலிருந்த மருத்துவமனையில் ஹிம்லரைச் சந்தித்தார். வதைமுகாம்கள் அனைத்தும் ஹிம்லரின் அதிகாரத்தின்கீழ் இருந்தன. இலட்சக்கணக்கானோரின் சாவுக்குக் காரணமான மனிதரிடம் அமர்ந்து தேநீர் அருந்திப் பேசுவது எளிதன்று. ஆயினும், சிறைக்கதவின் திறவுகோல் யாரிடம் உள்ளதோ அவரிடந்தானே கேட்க வேண்டும்!

கைதிகளைச் சுவீடனுக்கே அனுப்ப வேண்டும் என்பது பெர்னடோட்டின் முதல் கோரிக்கை. ஹிம்லர் அதற்கு இசையவில்லை. எனவே, பல முகாம்களில் சிதறிக்கிடக்கும் நார்வே, டென்மார்க்குக் கைதிகளை ஹாம்பர்க்குக்கு அருகிலுள்ள நோயன்காம முகாமில் ஒன்றுசேர்க்கவும், அங்கே செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைப் பேணவும் இசைவு கேட்டார். இது சிறிய கோரிக்கைபோலத் தோன்றும். ஆனால், எல்லைக்கு அருகே அவர்களைக் கொண்டுவந்துவிட்டால் அடுத்த அடி எடுத்துவைப்பது எளிதாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். போர் தோற்கும் நிலையில் மேலை நாடுகளோடு பேச ஒரு வழி தேடிக்கொண்டிருந்த ஹிம்லர் இதற்கு இசைந்தார். முகாம்களுக்கிடையே கைதிகளைக் கொண்டுசெல்லும் பொறுப்பு முழுவதும் சுவீடனுடையது என்றாயிற்று. ஊர்திகளும் எரிபொருளும் மட்டுமன்றி உணவும் ஜெர்மனியில் கிடைக்கமாட்டா. ஊர்திகளில் ஜெர்மானியக் கண்காணிப்பாளர்களும் உடன்வருவர்.

படையின் கைகள்

செஞ்சிலுவைச் சங்கத்தில் செவிலியர் இருந்தனர்; மருத்துவர் இருந்தனர். ஆனால், போர்க்களமாகிவிட்ட நாட்டின் சாலைகளில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான கல் தொலைவு ஊர்திகளைச் செலுத்துவதற்கும் பழுதான பொறியை வழியிலேயே சீர்செய்வதற்கும் ஆள்கள் இல்லை. உணவு, எரிபொருள், மருந்து ஆகியவற்றைக் கணக்கிட்டு உரிய இடத்தில் உரிய நாளில் சேர்ப்பதும், கட்டளை கிடைத்தவுடன் நள்ளிரவிலும் புறப்படுவதும் ஒரு படைக்கே கைவந்த கலை. ஆகவே, சுவீடன் அரசு தன் படையிலிருந்து ஊர்திகளையும் ஆள்களையும் தந்தது. செல்ல விரும்பியோர் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கர்னல் பியோர்க் என்பவர் அணியின் நேரடித் தலைமையை ஏற்றார்.

ஏறத்தாழ 300 பேர் அவ்வணியில் இருந்தனர். அவருள் 20 பேர் மருத்துவப் பணியாளர். மற்றையோர் தன்விருப்பத்துடன் வந்த படைவீரர். 36 மருத்துவப் பேருந்துகளும் 19 சரக்குந்துகளும் அவர்களுடன் சென்றன. சில மகிழுந்துகளும் இருசக்கர ஊர்திகளும் இருந்தன. பழுதான வண்டியை இழுத்துவர ஓர் ஊர்தியும், நடமாடும் சமையற்கூடமும் அவற்றைத் தொடர்ந்தன. ஏறத்தாழ 350 டன் எரிபொருளை ஏற்றிய கப்பல் ஒன்று லூபெக் துறைமுகத்திற்குச் சென்றது. படையின் திறன் முழுவதும் அந்த அணியில் இருந்தது. ஆனால், அது படையாகச் செல்லவில்லை; செஞ்சிலுவைக் கொடியின்கீழ்ச் சென்றது. நடுநிலை நாட்டின் படையணி ஒன்று போரிடும் நாட்டிற்குள் நுழைய வேறு வழியில்லை.

ஊர்திகளுக்கு வெண்ணிறம் பூசியதும் அதனால்தான். சாம்பல்நிறமும் பச்சைநிறமும் கொண்ட ஊர்தி படையின் ஊர்தி என்பது விமானியின் கணக்கு. தாம் செல்லும் பணியைச் சுவீடன் நாட்டார் பிரித்தானியருக்கு அறிவித்தனர். எனினும், வானிலிருந்து தாக்கப்படமாட்டோம் என்னும் உறுதிமொழி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மானியரும் தம் ஊர்திகளுக்குச் செஞ்சிலுவை தீட்டக்கூடும் என்னும் ஐயம் நேச நாடுகளுக்கு இருந்தது. உறுதிமொழி இல்லாமலேயே அணி புறப்பட்டது. பின்னர் நடந்த வான்தாக்குதல்களில் ஓட்டுநர் ஒருவரும் மீட்கப்பட்ட கைதிகள் சிலரும் உயிரிழந்தனர்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் அணி டென்மார்க்கைக் கடந்து ஹாம்பர்க்குக்கு அருகிலுள்ள ஃபிரீட்ரிக்ஸ்ரூ என்னும் ஊரை அடைந்தது. ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க்கின் மாளிகை அங்கே இருந்தது. அதுவே அணியின் தலைமையிடமாயிற்று. அங்கிருந்து பேருந்துகள் பெர்லினுக்கு அருகிலுள்ள சாக்சன்ஹவுசன் முகாமுக்குப் பலமுறை சென்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நோயன்காமவுக்குக் கொண்டுவந்தன. மற்றோர் அணி தெற்கே டாக்கௌ, மௌட்ஹவுசன் முகாம்கள்வரை சென்றது. நடக்க இயலாதோரைப் படைவீரர்கள் தூக்கிவந்து படுக்கைகளில் கிடத்தினர்.

நோயன்காமவின் விலை

மீட்புப்பணியின் வரலாற்றில் மறைக்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு. நோயன்காம முகாமில் இடம் இல்லை. நார்வே, டென்மார்க்குக் கைதிகளுக்கு இடம் வேண்டுமெனில், அங்கிருந்த பிற நாட்டு நோயாளிக் கைதிகளை வேறு முகாம்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று முகாம் தலைவர் கூறினார். அதற்கான ஊர்திகளும் சுவீடனுடையவையாகவே இருக்க வேண்டும் என்றார். மறுத்தால், தாம் மீட்கவந்தோரைப் பேணும் வாய்ப்பே பறிபோகும். மார்ச் இறுதியில் மூன்று நாள்கள் வெண்ணிறப் பேருந்துகள் பிரெஞ்சு, உருசிய, போலந்துக் கைதிகள் உள்ளிட்ட ஏறத்தாழ 2,000 பேரை ஹனோவர், பிரான்சுவைக் பகுதிகளிலிருந்த முகாம்களுக்குக் கொண்டுசென்றன. அவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தனர். சிலர் வழியிலேயே இறந்தனர். சென்றடைந்த இடத்தில் அவர்களுக்கு மருந்தும் இல்லை, ஊணும் இல்லை. செஞ்சிலுவை தீட்டிய பேருந்தைக் கண்டபோது விடுதலை வந்துவிட்டது என்று அவருட்சிலரேனும் எண்ணியிருக்கக்கூடும்.

இது சரியா? பின்னாளில் பிரெஞ்சு நாட்டவரும் வரலாற்றாசிரியர்களும் கடுமையாக வினவினர். ஒரு பிரிவினரைக் காக்க மற்றொரு பிரிவினரைச் சாவின் வாயில்வரை ஏற்றிச்செல்வதைத் துயர்துடைப்பு என்று சொல்ல இயலாது. மறுத்திருந்தால் அந்த 2,000 பேரும் பிழைத்திருப்பர் என்று உறுதிகூறவும் இயலாது. கொடியவரின் இசைவைச் சார்ந்து நிற்கும் உதவி, அவர் விதிக்கும் விலையையும் சேர்த்தே கேட்கப்படுகிறது. வண்டியை ஓட்டியவர்கள் கட்டளைக்குப் பணிந்த இளைஞர்கள். கட்டளை இட்டவர்கள் விரைந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெர்னடோட்டின் வாழ்வைப் படிப்போர் இப்பகுதியைக் கடந்து விரைந்துவிடலாகாது.

எல்லை விரிந்தது

ஏப்ரலில் நிலைமை நாளுக்குநாள் மாறிற்று. சுவீடன் அணியின் ஒரு பகுதி நாடு திரும்ப, டென்மார்க்கின் பேருந்துகளும் நோயாளர் ஊர்திகளும் அவ்விடத்தை நிரப்பின. போகிமியாவிலிருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து டென்மார்க்கைச் சேர்ந்த யூதர் 423 பேர் மீட்கப்பட்டனர். பேருந்துகள் அவர்களை ஏற்றிக்கொண்டு, இரு முனைகளுக்கும் இடையே நாளும் குறுகிவந்த நிலப்பகுதியைக் கடந்து வடக்கே வந்தன. ஏப்ரல் 20ஆம் நாள் நோயன்காமவிலிருந்தோரை வெளியேற்றும் பணி தொடங்கியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் டென்மார்க்கை நோக்கிப் புறப்பட்டனர்.

அதுவரை இந்த அணிக்கு இடப்பட்ட பணி நார்வே, டென்மார்க்கு மக்களை மீட்பது மட்டுமே. பிற நாட்டவரையும் யூதரையும் மீட்க வேண்டும் என்னும் குரல் ஸ்டாக்ஹோமில் ஓங்கி ஒலித்துவந்தது. உலக யூதப் பேரவையின் சார்பாக நோர்பர்ட் மசூர் என்னும் யூதர், உயிரைப் பணயம்வைத்து ஹிம்லரை நேரில் சந்தித்துப் பேசினார். சில மணிநேரத்திற்குப்பின் பெர்னடோட்டும் ஹிம்லரைச் சந்தித்தார். ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்த பெண்களை அழைத்துச்செல்ல இசைவு கிடைத்தது. போலந்து, பிரான்சு, பெல்ஜியம், ஒல்லாந்து நாட்டுப் பெண்களும் யூதப் பெண்களும் என ஏறத்தாழ 7,000 பேர் பேருந்துகளிலும் தொடர்வண்டியிலும் வெளியேறினர். இம்முறை எவர் எந்த நாட்டவர் என்று யாரும் பட்டியலைப் புரட்டவில்லை.

மீட்கப்பட்டோர் கோபன்ஹேகன் வழியாகப் படகேறிச் சுவீடனின் மால்மோ துறைமுகத்தை அடைந்தனர். அங்கே குடிமைப் பாதுகாப்பு அமைப்பினரும் தொண்டு மகளிரும் காத்திருந்தனர். வான்தாக்குதலிலிருந்து தம் நகரத்தைக் காக்கப் பயிற்சிபெற்ற அவர்களுக்கு அந்த வேலை வாய்க்கவில்லை. இந்த வேலை வாய்த்தது. பேன் வழியே பரவும் நச்சுக்காய்ச்சலைத் தடுக்க வந்தோரின் பழைய உடைகள் அகற்றப்பட்டன. குளியலுக்குப்பின் மருத்துவர் பார்த்தனர், புத்தாடை வழங்கப்பட்டது. பள்ளிகள் நிரம்பின. இடம் போதாமையால் நகரின் பழைய கோட்டையிலிருந்த அருங்காட்சியகத்தின் கதவுகளும் திறக்கப்பட்டன. காட்சிப்பொருள்களுக்கு நடுவே வைக்கோல் மெத்தைகளில் பெண்கள் உறங்கினர். கரையேறிய பின்னரும் சிலர் பிழைக்கவில்லை. போர் முடிவதற்குள் இவ்வாறு மீட்கப்பட்டோர் தொகை 15,000க்கும் மிகுதி. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நார்வே, டென்மார்க்கு நாட்டவர். மறுபாதியினர் பிற நாட்டவர்.

படைக்கலம் இல்லாத படையினர்

1946இல் பெர்னடோட் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவரானார். இரண்டாண்டுகளுக்குப்பின் மற்றொரு போர் அவரை அழைத்தது. 1948 மே மாதம் பாலத்தீனத்தில் யூதருக்கும் அராபியருக்கும் இடையே மூண்ட போரை நிறுத்த, ஐக்கிய நாடுகள் அவை அவரைத் தன் முதல் சமரசத் தூதராக அமர்த்தியது. சூன் 11ஆம் நாள் நான்கு வாரப் போர்நிறுத்தம் நடப்புக்கு வந்தது. ஆனால், தாளில் எழுதிய போர்நிறுத்தத்தைக் களத்தில் யார் கண்காணிப்பது? பெர்னடோட் மீண்டும் படையினரையே கேட்டார். பெல்ஜியம், பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகள் படை அதிகாரிகளை அனுப்பின. சுவீடன் அதிகாரிகள் சிலரும் அவருடன் இருந்தனர். அவர்கள் எவரும் படைக்கலம் ஏந்தவில்லை. முற்றுகைக்குள்ளான எருசலேமுக்கு உணவு ஏற்றிச்சென்ற ஊர்தி அணிகளைச் சோதித்து, அவற்றில் படைக்கலம் இல்லை என்று உறுதிசெய்து அனுப்புவதும் அவர்களுடைய பணியாயிற்று. ஐ.நா. அவையின் அமைதிகாக்கும் பணிகளுள் முதலாவது இவ்வாறு தோன்றியது.

போரினால் வீடிழந்த அராபியர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். ராமல்லாவில் அவர்களுடைய நிலையைக் கண்ட பெர்னடோட், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு உணவும் மருந்தும் கேட்டுச் செய்தி அனுப்பினார். அவர்கள் தம் இல்லங்களுக்குத் திரும்ப உரிமை வேண்டும் என்றும் தம் அறிக்கையில் எழுதினார். ரோட்சு தீவிலிருந்து அவ்வறிக்கையை அவர் அனுப்பியது செப்டம்பர் 16ஆம் நாள். இரு தரப்பிலும் அவருக்கு எதிர்ப்பு இருந்தது.

மறுநாள் எருசலேமின் கட்டமோன் பகுதியில் அவருடைய ஊர்திகளைச் சாலையின் குறுக்கே நின்ற ஒரு ஜீப் மறித்தது. அதிலிருந்து இறங்கிய லெகி என்னும் தீவிரவாத யூதக் குழுவினர் சுட்டதில் பெர்னடோட்டும் அருகில் அமர்ந்திருந்த பிரெஞ்சுக் கர்னல் ஆந்திரே செரோவும் உயிரிழந்தனர். ஆயுதமேந்திய காவலர் எவரும் அவர்களுடன் இல்லை. அவருக்கு அப்போது வயது 53. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவருடைய துணைவராக இருந்த இரால்ஃப் பஞ்ச் பணியைத் தொடர்ந்து, 1949இல் இசுரேலுக்கும் அண்டை நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கைகளை உருவாக்கினார். அதற்காக 1950ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். அகதிகளுக்காகப் பெர்னடோட் விடுத்த வேண்டுகோளின் தொடர்ச்சியாக, 1948 நவம்பரில் ஐ.நா. பொது அவை 2 கோடியே 95 இலட்சம் டாலர் மதிப்பில் துயர்துடைப்புத் திட்டம் ஒன்றை ஏற்றது. அடுத்த ஆண்டில் அதற்கெனத் தனி முகமை ஒன்றும் அமைக்கப்பட்டது. அவர் தொடங்கிவைத்த கண்காணிப்புப் பணி இன்றும் எருசலேமைத் தலைமையிடமாகக் கொண்டு நடைபெறுகிறது. அதன் அதிகாரிகள் இப்போதும் படைக்கலம் ஏந்துவதில்லை.